மட்டைப் படத்துக்கு அழுதவர்

யேசு மரி சூசை
மறியல் சிறை, ஹம்பேர்க்
19 நவம்பர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தாசன் எழுதுகிறேன். உயிரோடு முழுசாக இருக்கிறேன். நீங்களும் லாராவும் நித்திரை கொள்கிறீர்களா? அத்தானுக்கு நினைவு திரும்பியதா?

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர மூன்று கிழமை செல்லும். வழக்கு முடியும்வரை நான் எழுதுவதும் எனக்கு வருவதும் முதலில் நீதிமன்றத்துக்குப் போகுமாம். அங்கே ஒரு தமிழர் அதை ஒரு சொல் விடாமல் ஜெர்மனில் எழுதிக்கொடுப்பாராம். வழக்கைப் பற்றிப் புதிதாக ஒரு வரி இருந்தாலும் போச்சு, கடிதத்தை மறித்து வழக்குக் கோவைக்குள் வைத்துவிடுவார்கள். நீங்கள் சாட்சி என்பதால் என்னைப் பார்க்க வரவும் ஏலாது. மொழிபெயர்க்கிற ஐயாவுக்கும் வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொலிசுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதலாம்தானே. பன்னிரண்டாம் தேதி ஞாயிறு மத்தியானம், என் அக்காவின் புருஷன் கிறிஸ்ரியனை அவருடைய வீட்டில் வைத்தே பேஸ்போல் மட்டையால் தலையில் அடித்தேன். ரெலிபோன் எடுத்ததும் நான்தான். வந்தவர்கள் என்னைக் குப்புறப் போட்டார்கள், ஒருவன் முழங்காலைக் கழுத்தில் ஊன்றினான். அவனில் பிழையில்லை. என் சேட்டெல்லாம் இரத்தம்.

லாராவிடம் யார் வந்து கேட்டாலும் பொலிசுக்குச் சொன்னதையே சொல்லட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பி,
சூசைதாசன்

*

யேசு மரி சூசை
ஹம்பேர்க்
10 டிசம்பர் 2006

அன்புத் தம்பி தாசனுக்கு,

கடிதம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. நாங்கள் சுகம் என்று எழுதினால் மாதாவுக்கே பொறுக்காது, ஆனாலும் நடமாடுகிறோம். உனக்கு அங்கே கம்பளி தந்தார்களா? குளிருக்கு உன் நெஞ்சு தாங்காது.

அத்தானுக்கு நினைவு இல்லை. தலையோட்டில் உள்ளங்கையளவு எலும்பை வெட்டி எடுத்து வைத்திருக்கிறார்கள், மூளை வீங்கினால் இடம் வேண்டுமாம். அந்த இடத்தில் தோல் மட்டும்தான். மூச்சு விடும்போது அது ஏறி இறங்குகிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஹோட்டலில் எத்தனை பேரின் அழுக்கைக் கழுவுகிறேன், என் வீட்டுக் கம்பளத்தில் இருந்ததைக் கழுவ ஏலவில்லை. கடைசியில் வெட்டி எறிந்தேன். மட்டையைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. மட்டைப் படக் கசெற் இன்னும் டெக்குக்குள்ளேயே கிடக்கிறது.

பக்கத்து வீட்டுப் புஷ்பராணி அக்கா சோறு கொண்டு வந்தா. "வளர்த்த கடா மார்பிலை பாஞ்சிட்டுது பாத்தியே, உந்தத் தாசனுக்குக் கிறிஸ்ரியன் என்ன குறை வைச்சவன்?" என்று கேட்டா. நீ கெட்டவன் என்று ஊர் சொல்ல, நான் அவ கொண்டு வந்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன்.

லாரா ஏப்ரலில் முதல் நன்மை எடுக்கிறாள், நற்கருணை அப்பம் வாங்கப்போகிறாள். ஞானத்தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கோயிலில் சொன்னார்களாம், அது நீதானே. வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டாள்.

அன்புடன்,
அக்கா அன்ரனிற்றா

*

யேசு மரி சூசை
மறியல்
30 டிசம்பர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

பிறக்கிற வருடமாவது நல்லதாகப் பிறக்கட்டும். கம்பளி தந்தார்கள், நெஞ்சுச்சளி இல்லை. உங்கள் முதுகு நோ எப்படி?

முந்தநாள் ரீவியில் எதைப் போட்டார்கள் தெரியுமா? எங்கட மட்டைப் படம்! நத்தார் கிழமையில் ஜெர்மன்காரன் பழைய படங்களைத் தோண்டுவான்தானே. எனக்கு ஒவ்வொரு வசனமும் அவர்கள் சொல்ல முதலே வாயில் வந்தது. அறையில் இருக்கிற போலந்துக் கிழவர், யாரையோ குத்திவிட்டு வந்தவர், முதலில் சிரித்தார். "வளர்ந்த ஆம்பிளையள் ஒரு தடியோடை என்ன செய்யிறாங்கள்?" என்றார். பிறகு வாய் மூடிப் பார்த்தார். கதை சொல்லட்டா என்று கேட்டேன், கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

மொழிபெயர்க்கிற ஐயா பார்த்திராவிட்டால் அவருக்காக எழுதுகிறேன். எறிகாரன் எறிந்த பந்து அடிகாரனின் நெற்றிப்பொட்டில் பட்டு அவன் அந்த இடத்திலேயே சாகிறான். ஊர் எறிகாரனைக் கொலைகாரன் என்கிறது, வீட்டுக்குக் கல் எறிகிறது. உண்மையில் தலைக்கு எறி என்று விரலால் சைகை காட்டியது பின்னால் முகத்துக்குக் கம்பிக்கூடு போட்டுக் குந்தியிருந்த பிடிகாரன். அது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரியும். இருபது வருடம் கழித்து, புல் மண்டிய மைதானத்துக்குச் செத்தவன் மட்டையோடு வருகிறான். "அந்தப் பந்தை இன்னொருக்கால் எறி" என்கிறான். எத்தனை தரம் எறிந்தாலும் பந்து அவனுக்குள்ளால் புகைக்குள் போகிற மாதிரிப் போகிறது. ஒருநாள் பிடிகாரன் வந்து, கூட்டைக் கழற்றி, "சைகை என்னுடையது" என்கிறான். அப்போதுதான் மட்டையில் பந்து படுகிறது. மேலே போன பந்து விழுவதே இல்லை. அவ்வளவுதான் படம்.

தொண்ணூறில் எங்கள் அகதி விடுதியில், ஹைமில், இருந்தது இந்த ஒரே கசெற்தான். பேர் ஒட்டிய தாளும் கிழிந்துபோயிருந்தது. கிரிக்கெற்காரர் பதினாலு பேர், ஓட்டம் எங்கே விக்கெற் எங்கே என்று ஒன்றும் விளங்காமல் நூறு தரம் பார்த்தோம். ஜெர்மன் படித்ததே அதில்தான். "எறியடா, பயந்தாங்கொள்ளி!" என்று படத்தில் வருவதை அத்தான் "தயவுசெய்து தொடங்குங்கள்" என்று நினைத்து, உதவிப்பணம் தருகிற சோசியல் கந்தோரில் இருந்த மனுசிக்குச் சொன்னாரே! அவ கண்ணீர் வரச் சிரித்து, ஒரு குளிர்ச்சட்டைக்கும் எழுதிக் கொடுத்தா. அகதிகளை வெறுக்கிற மொட்டைத் தலைப் பொடியங்கள் உதே மாதிரி மட்டைகளோடு வந்து எங்கள் யன்னல்களை அடித்து நொறுக்கி, ஆனந்தராசா அண்ணையின் முழங்காலை உடைத்த பிறகும், நாங்கள் அந்தப் படத்தை வெறுக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டுத் திரும்பவும் போட்டோம்.

கடைசிக் காட்சிக்கு எல்லாரும் விசிலடிப்போம். அத்தான் மட்டும் ஏங்கி ஏங்கி அழுவார். அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு எழுதினேன். "படத்துக்கு இப்பிடி அழுகிறவர் கல்நெஞ்சுக்காரனாய் இருக்கமாட்டார், அக்கா. ஓமெண்டு சொல்லுங்கோ." அந்த ஒரு வரியை நம்பி மன்னாரிலிருந்து வந்தீர்கள். நாற்பதாவது பிறந்தநாளுக்கு அவருக்கு அந்த மட்டையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். பந்தும் கேட்டேன். பந்து விற்பதில்லை, மட்டை மட்டும்தான் போகிறது என்றான் கடைக்காரன். ஆளை அடிக்கத்தான் வாங்குகிறார்கள் என்று எனக்கு அப்போதும் மூளை வேலை செய்யவில்லை.

லாராவுக்கு முத்தம்.

தம்பி தாசன்

*

யேசு மரி சூசை
ஹம்பேர்க்
21 ஜனவரி 2007

அன்புத் தம்பி,

என் முதுகு அப்படியே இருக்கிறது. உனக்கு முதுகு நினைவிருக்கிறதே, அது போதும்.

அத்தான் கண் திறக்கிறார், ஆனால் பார்ப்பதில்லை. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். சளி எடுக்கும்போது உடம்பு வில்லாக வளைகிறது. தாதி என் தோளைத் தடவி, "நல்ல மனுசி, ஒரு நாளும் தவறாமல் வாறீங்கள்" என்கிறா. எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல வருகிறது.

நீ எறிகாரனைப் பற்றியே எழுதுகிறாய். எனக்கு எப்போதும் பிடிகாரனிலேதான் கண். இருபது வருடம் அவன் எப்படிச் சோறு தின்றான்? எறிகாரனின் வீட்டுக்குக் கல் விழும் சத்தம் கேட்க, தன் வீட்டில் எப்படிப் படுத்தான்? நீ சொல்லு.

அத்தான் அழுவதைப் பற்றி ஒரு பந்தி எழுதினேன். வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

நெஞ்சைக் குளிரில் காட்டாதே.

அக்கா

*

யேசு மரி சூசை
மறியல்
8 பெப்ரவரி 2007

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். எழுத்து இன்னும் மோசமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், இடக்கையால் எழுதுகிறேன். படியில் விழுந்து வலக்கை அடிபட்டது. பல்லும் இரண்டு போனது. கஞ்சிக்குப் பல் எதற்கு?

பிடிகாரனைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் வாய் திறக்கக் கூடாது, அக்கா. அவனுக்கு வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. படத்தில் காட்டவில்லை, ஆனால் இருக்கிறது.

தாசன்

*

யேசு மரி சூசை
ஹம்பேர்க்
22 பெப்ரவரி 2007

தம்பி,

அத்தான் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை, விபூதிப் புதனுக்கு முதல் நாள். மூளைக்குள் திரும்பவும் இரத்தம் கசிந்ததாம். உடம்பை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் தருவார்களாம். உன் சட்டத்தரணி சொல்லியிருப்பார்.

நான் அழுதேன். பொய்யில்லை. ஏன் அழுதேன் என்றுதான் தெரியவில்லை.

படியில் விழுந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் படியை எனக்குத் தெரியும், தாசன். பதினொரு வருடம் நானும் அதில்தான் விழுந்தேன். டொக்டருக்கு, ஹோட்டலில், கோயிலில், எல்லா இடத்திலும் படிதான். எங்கள் வீடு கீழ்மாடி என்று ஒருவரும் யோசிக்கவில்லை. உன் சட்டத்தரணியைக் கேட்டேன். உடுப்புத் தோய்க்கிற அறையில் இரண்டு பேர் உன் கையை இரும்புக் கதவுக்குள் வைத்துச் சாத்தினார்களாம். மூன்று விரல்.

எனக்கு இனி இப்படி எழுதாதே.

அக்கா

*

யேசு மரி சூசை
மறியல்
11 மார்ச் 2007

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் ஆத்துமா இளைப்பாறட்டும். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அடக்கத்துக்கு ஆர் வந்தது, பூசை தமிழில் நடந்ததா என்று எழுதுங்கள். விரல்களுக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள், நோ குறைவு.

இனிக் குற்றத்துக்கு வேறு பேர், கொலை. பத்து வருடமாவது விழும் என்கிறார் சட்டத்தரணி, முடிந்ததும் கையில் விலங்கோடு கொழும்புக்கு அனுப்புவார்கள். மன்னாருக்குப் பாதை பூட்டு, எங்கள் சின்னம்மாவின் வீட்டுக்கு மேல் ஷெல் விழுந்து அவவின் கால் போனது உங்களுக்கும் தெரியும். பரவாயில்லை, பத்து வருடத்தில் சண்டை ஓயாமலா போகும்?

ஒன்று மட்டும் எழுத வேண்டும். நீங்கள் எனக்கு மூன்று தரம் சொன்னீர்கள். முதல் தரம் லாரா வயிற்றில் இருந்தபோது. நான் என்ன சொன்னேன்? "பொறுத்துப் போங்கோ அக்கா, அவர் உள்ளுக்கை நல்லவர், படத்துக்கு அழுகிற மனுசன்." மூன்று தரமும் அதையே சொன்னேன். உங்களைக் கூட்டிக்கொண்டுபோய் என் அறையில் வைத்திருக்க எனக்கு ஒரு பஸ் ரிக்கற்தான் வேண்டியிருந்தது. செய்யவில்லை. ஆகையால் நான் இங்கே சும்மா இருக்கவில்லை, எனக்குச் சேர வேண்டியதைத்தான் அனுபவிக்கிறேன். அதில் கை வைக்காதீர்கள்.

லாராவின் வெள்ளைச் சட்டை தைத்தாகிவிட்டதா?

தம்பி தாசன்

*

யேசு மரி சூசை
ஹம்பேர்க்
29 மார்ச் 2007

அன்புத் தம்பி தாசனுக்கு,

அடக்கத்துக்கு அறுபது பேர் வந்தார்கள், பூசை தமிழில்தான். சட்டை தைத்தாயிற்று. கையைத் தண்ணீரில் நனைக்காதே.

லாரா பாவசங்கீர்த்தனத்துக்குப் போக மாட்டாளாம். முதல் நன்மைக்கு முதல் போகத்தானே வேண்டும்? வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள், இவள் மட்டும் வயிற்றுக்குத்து என்று இரண்டு தரம் திரும்பி வந்துவிட்டாள். நேற்று நான் கோபத்தில் கை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை. பழகின பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். என் கை அந்தரத்தில் நின்றது. அந்தக் கையை வெட்டி எறிய வேண்டும்போல இருந்தது.

பிறகு மடியில் இருத்திக் கேட்டேன். சொன்னாள்.

"அம்மா, ஒரு பொய்யைப் பெரியாக்கள் சொல்லித்தந்தால், அது என்ர பாவமோ, அவையின்ர பாவமோ? சுவாமியாருக்குச் சொன்னால் மாமா வீட்டை வருவார், நீங்கள் போயிடுவியள். சொல்லாமல் நன்மை எடுத்தால் அது கள்ள நன்மை, பெரிய பாவம். நான் என்னம்மா செய்யிறது?"

ஒன்பது வயதுப் பிள்ளை, தாசன். நாலு மாதமாக இதைத் தனிய வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். தலை சீவி, பால் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

நீ அவளுக்காகத்தான் இருக்கிறாய் என்று நினைக்கிறாய். அவளுக்கு அது எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

அக்கா

*

யேசு மரி சூசை
மறியல்
10 ஏப்ரல் 2007

அக்கா,

கடிதம் இன்றைக்குத்தான் தந்தார்கள், பிள்ளைப் பேச்சு என்று மறிக்கவில்லையாக்கும். பன்னிரண்டு நாள்! அதற்குள் என்னென்ன நடந்ததோ என்று எனக்குத் தலை வெடிக்கிறது. மொழிபெயர்க்கிற ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதைக் கெதியாய் விடுங்கள்.

பிள்ளைகள் கனவும் நனவும் கலந்து கதைப்பார்கள், அதைப் பெரிதாக எடுக்காதீர்கள். சுவாமியாரிடம் போய்ச் சொல்லட்டும், சுவாமியாரின் வாய் பூட்டின வாய், வெளியில் வராது. பிள்ளைக்குப் பாரம் இறங்கும், அதோடு சரி. நீங்கள் ஒன்றும் செய்யாதீர்கள். கூட்டைக் கழற்றாதீர்கள், அக்கா. லாராவுக்குத் தகப்பன் இல்லை. தாயும் இல்லாமல் ஆக்காதீர்கள். நான் தனி ஆள், என்னை ஆர் தேடப்போகிறார்கள்?

வெள்ளைச் சட்டையோடு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அது போதும்.

தாசன்

*

யேசு மரி சூசை
ஹம்பேர்க்
14 ஏப்ரல் 2007, சனிக்கிழமை

அன்புத் தம்பி தாசனுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. வந்தாலும் என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். கை எப்படி? நாங்கள் இருவரும் இன்றைக்குச் சுகம். உண்மையாகவே சுகம்.

நாளைக்கு லாராவின் முதல் நன்மை. இன்று பின்னேரம் இருவரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். நான் முதலில் போனேன், எல்லாவற்றையும் சொன்னேன். வெளியில் வந்து அவளிடம் சொன்னேன்: "பொய் என்ர, பிள்ளை. நீ போய் உன்ர பாவத்தை மட்டும் சொல்லு." உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டாள். வழியில் ஐஸ்கிறீம் கேட்டாள். நவம்பருக்குப் பிறகு இன்றைக்குத்தான் வாய் திறந்து ஒன்று கேட்டாள்.

ஆனால் சுவாமியாருக்குச் சொன்னது அவரோடு நிற்கும். கடவுளுக்குத் தெரியும், நீதிபதிக்குத் தெரியாது. பொலிஸ் வாசல்வரை இரண்டு தரம் போனேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் துவாயும் படுக்கை விரிப்பும்தான். அதைவிடத் தைரியமும் வரவில்லை. அப்போதுதான் உன் முதல் கடிதம் நினைவு வந்தது. வழக்கைப் பற்றிப் புதிதாக ஒரு வரி இருந்தாலும் கடிதத்தை மறித்துக் கோவைக்குள் வைப்பார்கள் என்று எழுதியிருந்தாய். இந்தக் கடிதம் உனக்கு வந்து சேராது, தாசன். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்று பூசைக்கு லாராவின் சப்பாத்துக் கட்டப் பிந்தியது. அதற்காக என் தலைமயிரைப் பிடித்துக் குசினிக் கதவில் மூன்று தரம் இடித்தார். குறுக்கே வந்த பிள்ளையைச் சுவரோடு தூக்கி அடித்தார். பிறகு கையைக் கழுவி, கசெற்றைப் போட்டுவிட்டுச் செற்றியில் சாய்ந்தார். ஞாயிறுகளில் அதுதான் வழக்கம், முதலில் அடி, பிறகு படம். நான் காதுக்குள் இரத்தத்தோடு இறைச்சி காய்ச்சிக்கொண்டு நின்றேன். கடைசிக் காட்சி வந்தது. பந்து மேலே போனது. ஏங்கி ஏங்கி அழுதார். என்னை அடித்த அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அன்ரனிற்றா, இஞ்சை வந்து பாருமன், என்ன மாதிரிப் படம்!" என்று கூப்பிட்டார்.

போனேன். சுவரில் மாட்டியிருந்த மட்டையை எடுத்தேன். பின்னால் நின்று அடித்தேன். அவர் என்னை அடித்துக்கொண்டு நின்றபோது அல்ல, இருந்து அழுதபோது. ஒரு தரம் அல்ல, மூன்று தரம். முதல் அடியிலேயே சரிந்துவிட்டார். மற்ற இரண்டும் பதினொரு வருடத்துக்கு. இதற்குச் சட்டத்தில் என்ன பேரோ, அந்தப் பேரை நான் மாற்றிக் கேட்கமாட்டேன்.

நீ ஒரு மணிக்குச் சாப்பிட வந்தாய். மட்டையை என் கையிலிருந்து பிடுங்கி உன் சேட்டில் துடைத்தாய். "அக்கா, நீங்கள் குசினிக்குள்ளை நிண்டனீங்கள். லாரா, மாமாதான் அடிச்சவர், விளங்குதா?" என்றாய். கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை தலையாட்டினாள்.

நீ எழுதிய ஒரு வரியை நம்பி நான் வந்தது உண்மை. அதற்காக உன் விரலை உடைக்கக் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. லாராவை நீ பார். ஞானத்தகப்பன் என்றால் தகப்பன் இல்லாத இடத்தில் நிற்கிறவன்தானே. அவளுக்கு இரண்டு பின்னல் போட வேண்டும், பாலுக்குச் சீனி ஒரு கரண்டிதான். கசெற்றை அவள் கேட்டால் போட்டுக் காட்டு. படத்தில் பிழையில்லை.

நாளைக்கு அவள் பக்கத்தில் நான் நிற்பேன். திங்கட்கிழமை காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, இதைத் தபாலில் போட்டுவிட்டு, புஷ்பராணி அக்காவிடம் ஒரு வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு, பொலிஸ் வரும்வரை வீட்டில் இருப்பேன். பயணப்பை கட்டியாயிற்று.

மொழிபெயர்க்கிற ஐயாவுக்கு: ஐந்து மாதமாக எங்களை வாசிக்கிறீர்கள். உங்களுக்கு முதலே விளங்கியிருக்கும், ஆனால் எழுதாததை மொழிபெயர்க்க உங்களுக்கு ஏலாது. இப்போது எழுதிவிட்டேன். என் தம்பி அடிக்கவில்லை. அடித்தது நான். ஒரு சொல்லும் விடாமல் போடுங்கள்.

அன்ரனிற்றா கிறிஸ்ரியன்